முசல்லாவில் வந்து உட்கார்ந்த முயல்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள், "என்ன பாய், கடலை காயப் போட்டிருக்கீகளா?" என்று. கூடம் முழுக்கச் சணல் சாக்கு விரித்துக் கிடக்கிறது. ஓரங்களைச் சேர்த்துத் தைத்த சாக்கு. நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சிலர் கால் விரலால் ஒரு மூலையை நெம்பிப் பார்த்துவிட்டு, "அடியில டைல்ஸ் இருக்கு போலயே" என்பார்கள். இருக்கிறது. அந்த டைல்ஸைப் பற்றியும், அதன்மேல் நின்று நின்று பின்னங்கால் போன ஒரு முயலைப் பற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

நான் பதினோரு வருஷம் வளைகுடாவில் ஒரு மாலில் தரை துடைத்தேன். ஊரில் கேட்டவர்களிடம் "மெயின்டனன்ஸ்" என்று சொல்லி வைத்திருந்தேன். காலையில் ஒரு தடவை மிஷின் ஓட்டித் துடைக்க வேண்டும், அப்புறம் நாள் முழுக்கக் கையால் துடைக்க வேண்டும். தரையை ஈரமாக்குவதற்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகையை எடுத்து வைக்க வேண்டும். ஒரு ஆள் வழுக்கி மல்லாக்க விழுகிற படம் போட்ட பலகை. அதை மறந்தால் சூப்பர்வைசர் அம்மா அப்பாவைச் சேர்த்துத் திட்டுவான். எந்தத் தரை வழுக்கும், எது வழுக்காது என்று என் உள்ளங்காலுக்கே தெரியும். இதை முதலிலேயே ஏன் சொல்லி வைக்கிறேன் என்றால், பாவம், தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டுப் பக்கம் வாங்கிப் போட்ட இடத்தில் வீடு கட்டினோம். தரைக்குக் கல் எடுக்க மதுரைக்கு நானே போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். "வீட்டுல பிள்ளைக இருந்தா கொஞ்சம் சொரசொரப்பா எடுங்க பாய்" என்றார். எனக்கு முகம் தெரிகிற கல்தான் வேண்டும் என்றேன். எவனெவனோ நடப்பதற்காகப் பதினோரு வருஷம் ஒரு தரையைக் கண்ணாடியாக்கினேன். அதில் செருப்புப் போட்டு ஓரமாகத்தான் நாங்கள் நடக்க வேண்டும். அதே மாதிரி ஒரு தரையில் வெறுங்காலோடு நடுவில் நடக்க வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு.

குடி வந்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டேன். கூடத்தில் பாய் விரிக்கக் கூடாது, மிதியடி போடக் கூடாது. என் மனைவி தொழுகிற முசல்லா மட்டும்தான் விதிவிலக்கு. நான் அங்கேயிருந்து வாங்கி வந்த தொழுகை விரிப்பு அது, கெட்டியான வெல்வெட். ஐந்து வேளையும் மேற்குச் சுவரைப் பார்த்து அதை விரிப்பாள். தொழுது முடித்ததும் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவாள். மற்ற நேரமெல்லாம் தரை தரையாகவே இருக்கும்.

நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மகளுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. போனில் "அத்தா, அத்தா" என்று வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, ஆள் நேரில் வந்து நின்றதும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு மாசம் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். "அம்மா, அவுக டீ குடிப்பாகளான்னு கேளு." "அம்மா, அவுகள சாப்பிட வரச் சொல்லு." விருந்தாளியைச் சொல்கிற மாதிரி அவுக, அவுக. நான் சிரித்துக்கொண்டே தட்டு முன்னால் உட்காருவேன்.

அதற்காகத்தான் முயல் வாங்கினேன். முயல்மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. பரளச்சிப் பக்கம் ஒருவர் கொட்டகை போட்டுக் கறிக்காக வளர்த்தார். வெள்ளை முயல், ஒரு காதில் மட்டும் பழுப்பு. அவர் காதைப் பிடித்துத் தூக்கி என் கையில் கொடுத்தார். அது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு உதை விட்டது. என் மணிக்கட்டில் இரத்தம் கட்டிவிட்டது. அப்பேர்ப்பட்ட பலம் இருந்தது அந்தக் காலில்.

வீட்டுக்குக் கொண்டு வந்து அட்டைப்பெட்டியைத் திறந்தேன். மகள் முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு என்னையும் பார்த்தாள்.

"அத்தா, இது எனக்கா?"

அந்த ஒரு வார்த்தைக்காக நான் பரளச்சியிலிருந்த அத்தனை முயலையும் வாங்கியிருப்பேன். அன்றிலிருந்து அகத்திக்கீரை வாங்கிட்டு வாங்கத்தா, கொத்தமல்லித் தழை வாங்கிட்டு வாங்கத்தா என்று நேரே என்னிடமே கேட்டாள். முயலுக்கு ஒரு பேரும் வைத்தாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது.

முயல் ராத்திரி கூண்டில் கிடக்கும், பகலில் கூடத்தில் திரியும். ஒரு மாசம் போயிருக்கும், என் மனைவி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். அவள் முசல்லாவை விரித்ததும் முயல் எங்கே இருந்தாலும் கிளம்பி வந்து, அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அசிங்கம் பண்ணிவிடுமோ என்று முதலில் விரட்டினாள். அது ஒருநாளும் பண்ணவில்லை. அவள் குனிந்து நிமிர்ந்து முடிக்கிற வரைக்கும் அசையாமல் இருக்கும். முசல்லாவைச் சுருட்டும்போதுதான் இறங்க மனசில்லாமல் இறங்கும். விஷயம் தெருவுக்குப் பரவியது. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு இரண்டு மூன்று பெண்கள் பார்க்க வருவார்கள். "தொழுக வர்ற முயலு" என்றே பேராகிவிட்டது. வீட்டில் பரக்கத், அல்லாவின் அருள், இருக்கிறது என்று ஒரு பெரியம்மா சொன்னார். நான் பெரிய இவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் செய்தேன். கூடத்தில் ஓடும்போது முயலின் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் அகலும். திரும்புகிற இடத்தில் அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அதைப் படம் பிடித்து, "எங்க வீட்டு முயலு ஸ்கேட்டிங் போகுது" என்று எழுதி, அங்கே என்னோடு அறையில் இருந்தவர்களின் வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள்.

மகள் சிரிக்கவில்லை. "அதுக்கு வழுக்குதுத்தா. கடையிலருந்து ஒரு சாக்கு கொண்டு வந்து போடுவமா?" என்றாள். பஜாரில் துடைப்பம், பினாயில் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தேன். அங்கே சாக்குக்குப் பஞ்சமில்லை.

"சாக்கு போட்டு மூடுறதுக்கா மதுரை வரைக்கும் போயி கல்லு எடுத்தேன்? பழகிரும்மா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து, அவளே ஒரு பழைய சாக்கைக் கொண்டு வந்து சோபாவுக்குப் பக்கத்தில் விரித்திருந்தாள். நான் அதைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மல்லாங்கிணற்றில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் நாளே நான் உட்கார்ந்து, மாலில் துடைத்த அதே முறையில், கூடத்தை மூன்று தடவை துடைத்தேன். குனிந்து பார்த்தால் தாடி மயிர் எண்ணலாம், அப்படிப் பளபளப்பு. மறுநாள் மச்சானுடைய பிள்ளைகள் வந்ததும் வராததுமாக முயலை விரட்ட ஆரம்பித்தார்கள். அது சோபாவுக்கு அடியிலிருந்து பாய்ந்து, சுவரோரம் திரும்பியது. பின்பக்கம் ஒரு திசையிலும் முன்பக்கம் ஒரு திசையிலும் போனது. முயல் கத்தும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கத்தியது. அப்புறம் ஒருக்களித்துக் கிடந்தது.

மகள் ஓடி வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் ளுஹர் தொழுகை நேரம் வந்ததும் மனைவி முசல்லாவை விரித்தாள். முயல் மகளின் மடியிலிருந்து நழுவி இறங்கியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி ஊன்றி, பின்பக்கத்தை ஈரத்துணி மாதிரி இழுத்துக்கொண்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் முசல்லாவில் ஏறியது. பக்கத்து வீட்டு அம்மா கண் கலங்கி, "காலு முடியாமயும் தொழுக வந்திருச்சு பாருங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது முசல்லாவை நனைத்துவிட்டது. மனைவி அதைத் திட்டவில்லை.

மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் கதவோரம். மகள் காதில் விழுகிற தூரம்தான்.

"மாப்ள, சொன்னாக் கோவிச்சுக்கிறாதீக. உசுரு இருக்கையிலயே அறுத்துருங்க. தானாச் செத்துச்சுன்னா யாருக்கும் ஆகாது. குர்பானிக் கத்தியும் இன்னிக்கு வெளியவே இருக்கு."

மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் வயதுக்கு மரியாதை என்று ஒன்று குறுக்கே வந்தது. "பாப்போம் மச்சான்" என்றேன். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. ஆனால் என்னை விட்டுவிடவில்லை.

"அத்தா, டாக்டர்ட்ட போவோம்" என்றாள்.

மறுநாள் ஊரில் ஆடு மாடு பார்க்கிற டாக்டரிடம் போனோம். ஊசி ஒன்று போட்டுவிட்டு, "எனக்கு முயலு அவ்வளவாப் பழக்கமில்ல பாய், மதுரைக்குக் கொண்டு போங்க" என்று மறைக்காமல் சொன்னார். பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து அதில் முயலை வைத்து பஸ் ஏறினோம். மகள் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மதுரையில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. முயலின் கால் விரலை இடுக்கியால் லேசாகக் கிள்ளிப் பார்த்தார். இடது கால் கொஞ்சம் சுருங்கியது. வலது கால் அப்படியே கிடந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முதுகில் எலும்பு முறியவில்லை, பலமாக அடிபட்டிருக்கிறது என்றார். தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆனா இது நேத்து ஒரு நாள்ல ஆனது இல்லீங்க. தொடையில சதையே இல்ல. ரொம்ப நாளா வத்திட்டே வந்திருக்கு" என்றார். பிறகு, "வீட்டுல தரை என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டைல்ஸ் டாக்டர். மதுரையில நானே பாத்து எடுத்த கல்லு. முகம் தெரியும்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"எப்படி நடந்துச்சு, ஓடுச்சுன்னு வீடியோ ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஸ்கேட்டிங் வீடியோ. அவர் சிரிக்காமல் இரண்டு தடவை பார்த்தார்.

"இது எத்தனை மாசத்துக்கு முந்தி?"

சொன்னேன்.

"நாய் பூனைக்கு உள்ளங்கால்ல மெத்துன்னு இருக்கும், தரையைப் பிடிச்சுக்கும். இதுக்கு அடியில வெறும் முடிதான். மண்ணுல நகத்தை ஊனி நிக்கிற பிராணி. உங்க தரையில இது நின்ன ஒவ்வொரு நிமிஷமும் விழுந்துறாம இருக்கத்தான் பாடுபட்டிருக்கு. வீட்டுல எங்கயாவது விரிப்பு கண்டா அங்க போயி உக்காருமா?"

மகள் சொன்னாள், "அம்மா தொழுகிற முசல்லாவுல."

"அங்க ஒரு இடத்துலதான் அதால நிக்க முடிஞ்சிருக்கு பாப்பா" என்றார் டாக்டரம்மா.

பிறகு மருந்து எழுதினார். பிடிமானம் கொடுங்கள், வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நடக்க வையுங்கள், பின்பக்கம் ஈரம் தங்கவிடாமல் துடையுங்கள், ஒரு காலிலாவது வலி தெரிவதால் கொஞ்சம் தேறலாம், ஆனால் இன்னொரு தடவை வழுக்கினால் தாங்காது என்றார். இன்னொரு தடவை என்பதை இரண்டு முறை சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, "அத்தாவுக்குத் தெரியலம்மா" என்றேன். பதினோரு வருஷம் மஞ்சள் பலகை வைத்த வாய் சொன்னது அது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் சொன்னேன்ல" என்றாள்.

அன்றைக்கே கடையிலிருந்து சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டினேன். மனைவி ஓரம் சேர்த்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே, "ஒண்ணு சொல்லவா? நீங்க கடைக்குப் போனதும் இவ மாடிப்படிக்கு அடியிலருந்து அந்தச் சாக்கை எடுத்து விரிச்சு வைப்பா. உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் சுருட்டிருவா. எத்தனை நாளா" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இருந்தால்தானே.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் முயலைச் சுற்றித்தான் எல்லாம். காலையில் நான் வெந்நீரில் துணி நனைத்து அதன் பின்பக்கத்தைத் துடைத்துக் காய வைப்பேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிப்பாள், முயல் சாக்கில் அடி வைக்கும். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் ஒரு சாயங்காலம், துண்டு இல்லாமல், கோணல் மாணலாக நாலு எட்டு வைத்தது. நாலே எட்டு. "அத்தா, பாருங்கத்தா, பாருங்கத்தா" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். என் மகள் தானாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இத்தோடு முடித்துவிடலாம். நல்ல மனுஷனாக இருந்தால் இத்தோடுதான் முடிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து, அங்கே என்னோடு அறையில் இருந்த ஒருவன் லீவில் வந்திருந்தான், வீட்டைப் பார்க்க வருவதாகப் போன் பண்ணினான். அவனும் தரை துடைத்தவன்தான். நான் யார், என்ன வேலை பார்த்தேன் என்று முழுசாகத் தெரிந்த ஆள். அவன் என் தரையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். முயலைக் கூண்டில் விட்டேன். ஒரு மணி நேரம்தானே என்று சாக்கு மொத்தத்தையும் சுருட்டி மாடியில் போட்டேன். ஒரு தடவை துடைத்தும் விட்டேன்.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "ஏலே, நம்ம மால் தரை மாதிரியே இருக்குலே" என்றான். அதைக் கேட்கத்தான் நான் பதினோரு வருஷம் உழைத்தேன் போலிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம். டீ குடித்துவிட்டு, "அந்த ஸ்கேட்டிங் முயலு எங்கலே?" என்றான்.

கால் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் இந்தத் தரையைத்தான் காரணம் காட்ட வேண்டும். அதுதான் நடக்கிறதே, ஒரு நிமிஷம் காட்டிவிட்டு உள்ளே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கூண்டைத் திறந்து, தூக்கிக் கொண்டு வந்து, நானே என் கையால் கூடத்தின் நடுவில் விட்டேன். அவன் போனை எடுத்துப் பிடித்தான். முயல் ஒரு கணம் அசையவில்லை. அப்புறம் மேற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. அங்கே முசல்லா இல்லை. ஆனாலும் அங்கேதான் போகப் பார்த்தது. ஒரு எட்டு வைத்தது. இரண்டாவது எட்டில் கால்கள் இரண்டும் விரிந்து, வயிறு தரையில் அடித்து, ஒருக்களித்து விழுந்தது. இந்தத் தடவை கத்தவில்லை.

பள்ளிக்கூட வேன் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பினால் வாசலில் மகள் பையோடு நிற்கிறாள். தரையைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முயலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

முயல் அதற்கப்புறம் கீரையைத் தொடவில்லை. மறுநாள் நான் மதுரைக்குப் போகலாம் என்றேன். அவள் கூடையை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானே தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தேன். டாக்டரம்மா தரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, கூண்டு கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"காலையிலயே போயிருச்சு" என்றாள் மனைவி. "காம்பவுண்டு ஓரம் ரெண்டு பேருமாத் தோண்டிப் பொதச்சோம்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

"போடுறேன்னுதான் சொன்னேன். அவுக வர வேணாம்னு சொல்லிட்டா."

அவுக. நான் கேட்டதைச் சரியாகத்தான் கேட்டேனா என்று அவளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சாக்கு எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கி மறுபடியும் விரித்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வருஷம் ஒன்றரை ஆகிறது. இப்போதும் எடுக்கவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள், நன்றாகப் படிக்கிறாள், யாரோடும் சிரித்துத்தான் பேசுகிறாள். மனைவி ஐந்து வேளையும் சாக்கின் மேலேயே முசல்லாவை விரித்துத் தொழுகிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மத்தியானம் அடுக்களையில் மகள் தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது. இங்கேயிருந்து எட்டடி தூரம்தான், ஒரு குரல் கொடுத்தால் எனக்குக் கேட்கும். ஆனால் அவள் அம்மாவிடம்தான் சொல்கிறாள்.

"அம்மா, அவுகள சாப்பிட வரச் சொல்லு."